பழைய மெட்டடாருக்குள் ஒரு குட்டி வீடு: அலங்காரம் அப்புறம், முதலில் தண்ணியைக் கவனிங்க!

போன வருடம் மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சூளகிரி பக்கம் இருக்கும் மாமாவின் மாந்தோப்பில், அவருடைய பழைய மெட்டடார் வேனுக்குள் உட்கார்ந்து நானும் அவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். புதுசாகப் போட்ட பிளைவுட் தரை, அதன்மேல் மரக்கலர் வினைல் ஷீட், ஜன்னலுக்கு வெள்ளைத் திரை, கூரையோரம் வரிசையாகக் குட்டி விளக்குகள். எல்லாம் என் ஐடியா. காலையில்தான் ரீல்ஸ் எடுத்துப் போட்டிருந்தேன். நல்ல லைக்ஸ் வேறு.

ஏழு மணிக்குக் கோடை மழை பிடித்தது. பத்தே நிமிடம். கூரையோரத்திலிருந்து ஒரு சொட்டு நேராக என் டீ கிளாஸில் விழுந்தது. அடுத்த சொட்டு மெத்தையில். அப்புறம் எண்ண முடியவில்லை.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது தரை பிளைவுட் பூரி மாதிரி உப்பியிருந்தது. வினைலைத் தூக்கினால் ஊறின நாற்றம். டிங்கர் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்தார் மாமா. உள்ளே எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “என்ன பாப்பா, ஒழுகுற வீட்டுக்கு யாராவது முதல்ல பெயின்ட் அடிப்பாங்களா?”

அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை. பழைய வேன், பழைய கேரவன், பழைய டிரெய்லர் எதுவாக இருந்தாலும் சரி. உள்ளே புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும்? நாங்கள் இரண்டு தடவை செய்து கற்றுக்கொண்டதை நீங்கள் ஒரே தடவையில் செய்துவிடலாம்.

கேரவன் என்றால் ஷூட்டிங் வண்டி மட்டுமா?

நம் ஊரில் கேரவன் என்றாலே நடிகர்கள் ஏசியில் உட்காரும் வண்டிதான் ஞாபகம் வரும். ஆனால் இதன் வரலாறு பெரியது. 1885-ல் பிரிட்டனில் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர், ஊர் சுற்றுவதற்கென்றே குதிரை இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினார். அதன் பெயர் ‘வாண்டரர்’. பொழுதுபோக்குக்காகக் கட்டப்பட்ட முதல் கேரவன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1919-ல் பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேரவன்களைத் தயாரித்து விற்க ஆரம்பித்தது.

அமெரிக்காவில் 1930-களில் வாலி பையம் என்பவர் தொடங்கிய ‘ஏர்ஸ்ட்ரீம்’ டிரெய்லரை நீங்களும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று அலுமினியத் தகட்டில், வரிசையாக ரிவெட் அடித்து, மாத்திரை வடிவத்தில் இருக்குமே, அதுதான். 1969-ல் நிலாவுக்குப் போய்த் திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைக் கிருமி பயத்தில் தனிமையில் வைத்தார்கள் இல்லையா? அவர்களை முதலில் வைத்திருந்தது, மாற்றியமைக்கப்பட்ட ஓர் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரில்தான். 1963-64-ல் சிங்கப்பூரில் கிளம்பி லிஸ்பன் வரை ஒரு பெரிய ஏர்ஸ்ட்ரீம் ஊர்வலமே போனது. அது நம் இந்தியா வழியாகவும் வந்தது.

இன்று அந்தக் காலத்து ஏர்ஸ்ட்ரீமை வாங்கிப் புதுப்பிப்பது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. அங்கேயும் முதல் தலைவலி என்ன தெரியுமா? தண்ணீர். சீல் போன இடங்களில் இறங்கும் மழைநீர் தரை பிளைவுட்டின் ஓரங்களை, முக்கியமாகப் பின்பக்கத்தை, மட்க வைத்துவிடும. ரொம்ப மோசமான வண்டிகளில் மேல்கூட்டையே சேசிஸிலிருந்து கழற்றித் தூக்கி வைத்துவிட்டுத்தான் தரையைச் சரிசெய்கிறார்கள். நாடு வேறு, வண்டி வேறு. எதிரி ஒருத்தன்தான்.

நமக்கு வாய்த்தது மெட்டடார்

நம் ஊர்ப் பக்கம் பழைய டிரெய்லருக்கு எங்கே போவது? பழைய வேன்தான் கதி. அதிலும் மெட்டடாருக்குத் தனி மரியாதை உண்டு. ஜெர்மனியின் டெம்போ நிறுவனத்தோடு சேர்ந்து பஜாஜ் டெம்போ தயாரித்த வண்டி இது. நம் ஊரில் எந்தச் சின்ன சரக்கு வண்டியைப் பார்த்தாலும் ‘டெம்போ’ என்கிறோமே, அந்தப் பெயர் வந்த வழியும் இதுதான். பஜாஜ் டெம்போவின் இன்றைய பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்.

ஓசூர் சிப்காட்டும், அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் போன்ற தொழிற்சாலைகளும் 1970-களிலும் 80-களிலும் வந்த பிறகு, இந்த வட்டாரத்தின் கடிகாரமே ஷிஃப்ட்தான். மாமா வண்டி ஓட்டியதும் அதற்குத்தான். 1994 மாடல். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் பதிவான கே.ஏ. நம்பர் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்கினார். என் அம்மா முதன்முதலில் சம்பளம் வாங்கப் போனது அந்த வேனில்தான். பெரிய பஸ்கள் வந்ததும் தொழில் நின்றது. வண்டி மாந்தோப்பில் வந்து நின்றது.

பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து விலை பேசிவிட்டார். மாமா கொடுக்கவில்லை. “அத்தையைக் கூட்டிக்கிட்டு இதுல ஒரு தடவையாவது ஊர் சுத்தணும்மா. முப்பது வருஷமா அடுத்தவங்களையே ஏத்தி இறக்கியாச்சு” என்பார். அத்தைக்கோ வேறு கவலை. மாங்காய் சீசனில் ராத்திரிக் காவலுக்குத் தோப்பில் படுக்க வேண்டும். தார்ப்பாய் போட்ட கொட்டாய், ஈரத் தரை, முட்டி வலி. “ஊர் சுத்துறது இருக்கட்டும், நனையாம படுக்க ஒரு இடம் குடுங்க” என்பார்.

எங்கள் வண்டியில் முன்சக்கரம்தான் இழுக்கும். நடுவில் ஷாஃப்ட் ஓடாததால் தரை தாழ்வாக, சமமாக இருக்கும். படுக்கை போட இதைவிட வசதியான வண்டி கிடைக்காது என்று நினைத்தோம். நினைத்தது சரிதான். செய்த வரிசைதான் தப்பு.

முதல் கேள்வி: ரோட்டுக்கா, தோப்புக்கா?

ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் பதிலைப் பொறுத்து எல்லாமே மாறும்.

வண்டி ரோட்டில் ஓட வேண்டும் என்றால் சட்டம் குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. பத்துப் பதினைந்து சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டால் என்ன ஆகும்? ஆர்.சி.யில் இருக்கும் சீட் எண்ணிக்கையே பொய்யாகிவிடும். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போது அதுதான் முதலில் வந்து நிற்கும்.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், டிரெய்லர் என்று நம் நாட்டு வாகன வகைப் பட்டியலிலேயே தனி வகை உண்டு. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதியும் இருக்கிறது. ஆனால் முப்பது வருடத்து வண்டியை அந்த வகைக்குள் கொண்டுபோவது நம் டிங்கர் அண்ணனால் முடிகிற வேலை இல்லை. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதில் வாங்கிய பிறகே சீட்டில் கைவைக்க வேண்டும்.

எல்லையோரக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், இங்கே புது நம்பர் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-ல் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கே படிவம் 27-ல் விண்ணப்பிக்க வேண்டும். ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். காகிதம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் நடக்காது.

“விண்டேஜ் வண்டின்னு பதிவு பண்ணிட்டா?” என்று நான் கேட்டேன். அதுவும் ஆகாது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, உருவம் மாறாத வண்டிக்குத்தான் ‘வி.ஏ.’ எழுத்துள்ள விண்டேஜ் நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். எங்கள் வண்டி அந்தத் தகுதிக்கு 2044 வரை காத்திருக்க வேண்டும். அப்படியே கிடைத்தாலும் கண்காட்சி, ராலி மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டவோ டூர் போகவோ முடியாது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்ன நாளில் அவர் அதிகம் பேசவில்லை. சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆணியில் மாட்டினார். “சரி, அத்தைக்கே குடுத்துடலாம்” என்றார். தோப்பில் நிற்கும் அறை என்று முடிவானது. உங்கள் முடிவும் இதுவாக இருந்தால், ஓட்டாமல் நிறுத்துவதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வரி விஷயத்தில் பின்னால் தொல்லை வராது.

உரித்துப் போடுங்கள்

இரண்டாவது சுற்றில் முதல் வேலை எல்லாவற்றையும் கழற்றுவது. சீட், தரை மேட், கூரை ரெக்சின், பக்கவாட்டு அட்டை, எல்லாம். கழற்றும் முன் ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுங்கள். ஸ்க்ரூக்களைத் தனித்தனிக் கவரில் போட்டு, எந்த இடம் என்று எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஞாபகம் இருக்காது.

மாஸ்க், கையுறை கட்டாயம். பழைய ரெக்சினுக்குப் பின்னால் எலிப் புழுக்கை, குளவிக்கூடு, பூஞ்சை எல்லாம் இருக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்த தாளில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் எமரி தாளைப் பயன்படுத்துங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வேண்டாம்.

ஒழுகலைப் பிடிக்கும் வித்தை

டிங்கர் அண்ணன் கற்றுக்கொடுத்தது இது. ஒருவர் வெளியே ஹோஸ் பைப்போடு, ஒருவர் உள்ளே டார்ச்சும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு. முக்கியமான ரகசியம் என்னவென்றால், தண்ணீரைக் கீழேயிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு ஜன்னல், பிறகு கூரையோரம், கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது ஊற்ற வேண்டும். எடுத்ததும் கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் தண்ணீர் வழியும். எந்த ஓட்டை குற்றவாளி என்றே தெரியாது.

உள்ளே இருப்பவர் ஈரம் தெரிந்த இடத்தில் வட்டம் போட வேண்டும். சொட்டு விழும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் தகட்டின் உள்பக்கமாகவே ஓடி, இரண்டடி தள்ளிக்கூட விழும். என் டீ கிளாஸில் விழுந்த சொட்டு, பழைய லக்கேஜ் கேரியரின் போல்ட் ஓட்டை வழியாக வந்தது. கேரியரைக் கழற்றிப் பல வருடம் ஆகியும் ஓட்டையை யாரும் அடைக்கவில்லை.

பொதுவாக ஒழுகும் இடங்கள் நான்கு: கூரைத் தகடுகள் சேரும் இடம், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், ரிவெட், போல்ட் ஓட்டைகள், விளக்குகளுக்கு ஒயர் போகும் துளைகள். பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுவதுதான் நல்லது. ஓசூரில் கிடைக்காத பழைய மாடல் சாமான்களுக்கு பெங்களூரு ஜே.சி. ரோடு இருக்கவே இருக்கிறது. பழைய துண்டை வெட்டிக் கையில் கொண்டுபோங்கள். அளவைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

அடைப்பதற்கு என்ன பயன்படுத்துவது? பாத்ரூமுக்குப் போடும் சிலிக்கானைத்தான் நான் முதலில் வாங்கி வந்தேன். அண்ணன் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது. பிறகு அதே இடத்தில் வேறு எதைப் பூசினாலும் அதுவும் ஒட்டாது. வண்டி வேலைக்கு பி.யு. சீலன்ட் என்று கேட்டு வாங்குங்கள். பழையதை முழுசாகச் சுரண்டி, துடைத்து, காயவிட்ட பிறகே பூச வேண்டும். பூசிக் காய்ந்த பிறகு மறுபடியும் ஹோஸ் டெஸ்ட். நாங்கள் மூன்று தடவை செய்தோம்.

துருவும் தரையும்

அடுத்தது துரு. ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்றால் தகடு நன்றாக இருக்கிறது. மந்தமாகக் கேட்டாலோ முனை உள்ளே போனாலோ அந்த இடத்தை வெட்டி எடுத்துப் பேட்ச் வைக்க வேண்டும். துருவின் மேலேயே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். டீசல் டேங்க் பக்கம் வெல்டிங் என்றால் அனுபவம் உள்ளவர் இல்லாமல் தொடவே கூடாது. மேலோட்டமான துருவை ஒயர் பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தால் போதும்.

தரைக்குப் பிளைவுட் வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகப் பிளைவுட். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். கொதிநீரில் வேகவைத்தாலும் பிரியாத பசை போட்டது. முதல் தடவை நாங்கள் போட்டது விலை குறைவான உள்ளறை ரகம். உப்பாமல் என்ன செய்யும்? நல்ல பலகையாக இருந்தாலும் வெட்டிய ஓரங்களுக்கும் ஸ்க்ரூ துளைகளுக்கும் வார்னிஷோ பிரைமரோ பூசுங்கள். பலகை தண்ணீர் குடிப்பது ஓரத்தில்தான்.

மழையே இல்லாமல் நனையும் வண்டி

இது எனக்குப் புது விஷயம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் காய்ந்தாலும் மார்கழி ராத்திரியில் தகடு ஐஸாகிவிடும். மூடிய வண்டிக்குள் இரண்டு பேர் தூங்கினால், அவர்கள் மூச்சிலும் வியர்வையிலும் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். அது குளிர்ந்த தகட்டில் பட்டுத் துளித்துளியாக வழியும். குளிர்ந்த சொம்பின் வெளியே வியர்க்குமே, அதே கதை. ரெக்சினுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வழிந்து, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும்.

அதனால் வெப்பத்தடுப்புக்குப் பஞ்சு மாதிரியான பொருள் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஏசி குழாய்க்குச் சுற்றுவார்களே, அந்தக் கறுப்பு நைட்ரைல் ஃபோம் ஷீட் மாதிரி, தண்ணீர் உறிஞ்சாத ஷீட்டைத் தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். காற்றுக்கு இரண்டு வழி அவசியம்: தாழ்வாக ஒன்று, உயரமாக ஒன்று. கொசு வலை அடித்துவிடுங்கள். கட்டில் பலகையில் வரிசையாகத் துளை போட்டால் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்காது.

கட்டிலும் கனமும்

வீட்டு வேலை பார்க்கும் ஆசாரியிடம் சொன்னால் எல்லாவற்றையும் 18 மி.மீ. பலகையில் செய்துவிடுவார். எட்டுக்கு நாலு அடியில் அப்படி ஒரு பலகை ஏறக்குறைய 35 கிலோ. ஐந்து பலகை போட்டால் மூன்று ஆள் எடை எப்போதும் வண்டியில் உட்கார்ந்திருக்கும். 6 மி.மீ. பலகை அதில் மூன்றில் ஒரு பங்குதான். சுமை தாங்கும் இடத்தில் மட்டும் கனப் பலகையோ அலுமினிய ஃபிரேமோ போட்டு, கதவு, பக்கவாட்டுக்கு மெல்லிசாகப் போடுங்கள். ஓடும் வண்டி என்றால் கனமான சாமான்களைத் தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள். 40 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 40 கிலோ. ஒரே பக்கம் வைத்தால் வளைவில் தெரியும்.

நிற்கும் வண்டியையும் சும்மா விடக் கூடாது. டயரில் பாரம் நிற்காதபடி கருங்கல்லோ ஸ்டாண்டோ கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கூரையில் தண்ணீர் தேங்கும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஒயரிங்: கணக்குப் போட்டு வாங்குங்கள்

100 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் பேட்டரியில் கணக்குப்படி 1,200 வாட்-ஹவர் இருக்கும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் எடுக்க வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். ஆக 600. நான்கு 5 வாட் விளக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 100. ஒரு 25 வாட் ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 200. போன் சார்ஜ் ஒரு 30. மொத்தம் 330. ஒரு ராத்திரிக்குத் தாராளம். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் என்று ஆசைப்பட்டால் இந்தக் கணக்கு தாங்காது.

பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். ஒயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வாஷர் போடாவிட்டால், தகட்டின் கூர் ஓரம் தோலை அறுத்து ஷார்ட் ஆகும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியிடும். கட்டிலுக்கு அடியில் மூடி வைக்காதீர்கள். வெளிக்காற்று படும் பெட்டி வேண்டும்.

கேஸ்: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

2023 ஆகஸ்ட் 26-ஐ மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் ரயில் பெட்டி, மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தபோது அதிகாலையில் தீப்பிடித்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. 9 பேர் இறந்துபோனார்கள். அவ்வளவு பெரிய பெட்டியிலேயே அந்தக் கதி என்றால், பத்தடி வேனில்?

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில், கட்டிலுக்கு அடியில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். மூடிய வண்டிக்குள் அடுப்பெரிந்தால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பதும் அதே ஆபத்துதான். எங்கள் வேனில் அடுப்பே இல்லை. வெளியே, மரத்தடியில்தான் சமையல். கதவுக்குப் பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் ஒன்று. பின்கதவை மறைக்காமல் கட்டில் போட்டோம். முன்னால் தீ என்றால் பின்னால் குதிக்க வழி வேண்டுமே.

இப்போது அலங்காரம்

இவ்வளவுக்கும் அப்புறம்தான் துணி, கலர் எல்லாம். உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி ஃபோம் போட்டோம். குறைந்த டென்சிட்டி என்றால் ஆறு மாதத்தில் குழி விழும். ரெக்சின் துடைக்கச் சுலபம், ஆனால் வெயிலில் முதுகு வியர்க்கும். அதனால் அடிப்பக்கம் ரெக்சின், மேலே கழற்றித் துவைக்கிற காட்டன் உறை. தரைக்கு வினைலை விட்டுவிட்டு, புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமுக்காளம் விரித்தோம். நனைந்தால் எடுத்து வெயிலில் போடலாம். தரை என்ன நிலைமையில் இருக்கிறது என்று தூக்கியும் பார்க்கலாம். ஒட்டிவிட்ட வினைல், அடியில் நடப்பதை மறைத்துவிடுகிறது.

ஒரே ஒரு சண்டை நடந்தது. டிரைவர் சீட்டுக்கு மேலே ஸ்டென்சிலில் எழுதிய எழுத்துகள்: ‘கை, தலையை வெளியே நீட்டாதீர்’. நான் அதை வெள்ளையடிக்கச் சொன்னேன். “அதை மட்டும் தொடாதம்மா” என்றார் மாமா. “ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்ற புள்ளைங்க ஜன்னல்ல தலை வச்சுத் தூங்கும். அதுங்களுக்காக நான் எழுத வச்சது.”

புதுப்பிப்பதும் புதுசாக்குவதும் ஒன்றில்லை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். டேஷ்போர்டு, ஸ்டீயரிங், ஒரு வரிசை சீட், அந்த எழுத்து. இவற்றைத் துடைத்து வைத்தோமே தவிர மாற்றவில்லை. நீங்களும் ஆரம்பிக்கும் முன் ஒரு பேப்பரில் ‘மாற்றக் கூடாதவை’ என்று எழுதி, வண்டிக்குச் சொந்தக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரு பார்வையில் வேலை வரிசை

1. ரோட்டுக்கா, நிறுத்தி வைக்கவா என முடிவெடுங்கள், ஆர்.டி.ஓ.விடம் கேளுங்கள்.
2. போட்டோ எடுத்துவிட்டு முழுவதும் கழற்றுங்கள்.
3. கீழிருந்து மேலாக ஹோஸ் டெஸ்ட், அடைப்பு, மறுபடி டெஸ்ட்.
4. துரு, வெல்டிங், பிரைமர்.
5. ஃபோம் ஷீட், காற்று வழி.
6. ஒயரிங், ஃபியூஸ்.
7. தரை, கட்டில், அலமாரி.
8. துணி, திரை, விளக்கு அலங்காரம்.

ரீல்ஸ் எடுப்பது ஒன்பதாவது!

இந்த மாங்காய் சீசனுக்கு அத்தை காவலுக்கு வேனில்தான் படுத்தார். ஜூன் மாதம் ஒரு ராத்திரி நல்ல மழை. எனக்குத் தூக்கமே வரவில்லை. காலையில் ஆறு மணிக்கே போன் போட்டேன்.

“ஒழுகுச்சா அத்தை?”

“மழை பெஞ்சதே காலையில சேத்தைப் பார்த்துத்தான் தெரியும்டி” என்றார். பின்னால் மாமாவின் குரல் கேட்டது. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். ஸ்டீயரிங்கை இன்னும் தினமும் துடைக்கிறார்.